காணிக்கைப் பெட்டியில் கிடந்த மாத்திரைகள்

"தாத்தாவைக் கூப்பிடத்தான் இயேசப்பா எனக்கு வலிப்புக் குடுத்தாங்களாம்மா?"

என் மகள் ஜெனி கேட்ட கேள்வி இது. அவளுக்கு எட்டு வயது. கேட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. கணிதத்தில் முதுகலை படித்தவள், பள்ளியில் பாடம் எடுத்தவள் என்றெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை ஜெனியின் நோயைப் பற்றிப் பட்டும் படாமலும்தான் எழுதி வந்தேன். போன வாரம் ஒரு வாசகி, "எதையோ சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், நேராகச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. இந்த வாரம் நேராகச் சொல்லப் பார்க்கிறேன். நடுவில் வேறு எங்காவது போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணி விரித்த மேசை

திருநகரில் எங்கள் சபையில் ஆண்டுக்கு ஒருமுறை, நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் பந்தலுக்குக் கீழே, காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம். வாழைத்தார், பூசணிக்காய், வீட்டில் சுட்ட முறுக்கு, கால் கட்டிய கோழி எல்லாம் வரிசையாக இருக்கும். நெய்யும் பழுத்த வாழையும் வெயிலும் சேர்ந்து ஒரு மணம். அதை முகர்ந்தாலே எனக்குப் பசிக்கும்.

பந்தலின் இன்னொரு மூலையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அங்கேதான் வீட்டுக் காணிக்கைப் பெட்டிகளைத் திறப்பார்கள். மேலே காசு போடப் பிளவு விட்ட சிறிய தகரப் பெட்டி அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுத்திருப்பார்கள். ஆண்டு முழுக்கப் பிள்ளைகள் அதில் சில்லறை போடுவார்கள். பண்டிகையன்று கொண்டுவந்து கொடுத்தால், சபை மூப்பர் செல்லையா அண்ணன் பூட்டைத் திறந்து துணியில் கொட்டுவார். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும் சத்தம் கேட்டால் ஏலத்தை விட்டுவிட்டு ஓடிவருவார்கள்.

எங்கள் பெட்டியை ஜெனிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசையில் வைக்கும்போது கொஞ்சம் தயங்கினாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அண்ணன் கொட்டினார். சில்லறையோடு சேர்ந்து மாத்திரைகளும் விழுந்தன. வெள்ளை வெள்ளையாக, நடுவில் கோடு போட்டவை. சில முழுசாக, சில நாணயம் பட்டு உடைந்து. வெள்ளைத் துணியில் முதலில் அவை தெரியவே இல்லை. அண்ணன் விரலால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஆண்டவருக்குத் தலவலின்னு யாரும் சொன்னாங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அந்த மாத்திரையை எனக்குத் தெரியும். தினமும் காலையிலும் மாலையிலும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். ஜெனிக்கு வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை அது.

ஜெனி என் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

செக்கானூரணி பஸ்

இதைச் சொல்ல, என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குச் செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. நான் கல்லூரியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அதன் பிறகு அப்பாவும் நானும் தம்பியும் மட்டும். நான் ஒரு கிறிஸ்தவரைத் திருமணம் செய்வேன் என்றபோது அப்பா கத்தவில்லை. ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன் என்று தெரிந்த அன்றுதான் பேச்சை நிறுத்தினார். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. போனை எடுப்பதும் இல்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நான் போன் போட்டுப் பார்க்கவே இல்லை. எடுக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம். எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயமும் இருந்தது.

ஜெனி பிறந்ததையும் நடந்ததையும் பேசியதையும் தம்பி வழியாகத்தான் அவர் தெரிந்துகொண்டிருப்பார்.

ஜெனி ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலையில் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே கண் சொருகி விழுந்தாள். அந்தக் காலையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. தேங்காய்ச் சட்னி வாசனை இன்றும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜெனி மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஒரு பிற்பகலில் வார்டு வாசலில் வயர் கூடையோடு ஒருவர் நின்றார். தோளில் துண்டு. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா.

என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, "பிள்ள என்ன சாப்புடுது?"

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் வருவார். செக்கானூரணியில் பஸ் மாறி, திருமங்கலத்தில் மாறி, திருநகரில் இறங்கி நடந்து வருவார். கூடையில் முருங்கைக்காய், பால், சில நேரம் பனங்கிழங்கு. இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆலய வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். செல்லையா அண்ணன் ஒருமுறை போய் உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க கும்புடுங்க. நான் பாட்டுக்கு செருப்பப் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா.

அவர் சட்டைப் பையில் ஒரு பெரிய இரும்புச் சாவி எப்போதும் இருக்கும். ஜெனிக்கு வலிப்பு வந்தால் கையில் கொடுக்க. அப்படிக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை என் கணவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"சரிங்க மாப்ள, குடுக்கல" என்றார். சாவி மட்டும் பையிலிருந்து போகவில்லை.

"அப்பறம் எதுக்குப்பா அது?" என்று நான் கேட்டதற்கு, "கெடக்கட்டும், உன்னய என்ன பண்ணுது" என்றார்.

நான் சொன்ன சாட்சி

மாத்திரை வேலை செய்தது. மாதங்கள் போயின. வலிப்பு வரவில்லை. இப்படியே போனால் மெல்ல மெல்ல மாத்திரையைக் குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அந்தச் சமயத்தில் சபைப் பெண்கள் கூடுகை எங்கள் வீட்டில் நடந்தது. கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கூடுகையில் பாட்டு, ஜெபம் முடிந்த பிறகு யாராவது எழுந்து சாட்சி சொல்வார்கள். தனக்கு நடந்ததில் கடவுள் எப்படி இருந்தார் என்று எல்லார் முன்பும் சொல்வது. எங்கள் ஆயரின் மனைவியை நாங்கள் ஆயரம்மா என்போம். அவர் என்னைப் பார்த்து, "முத்து, இன்னிக்கு நீ சொல்லு" என்றார்.

ஆயரம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தன் மகனை இளம் வயதில் பறிகொடுத்தவர். அவர் வந்து, "ஆண்டவர் எதையும் வீணாக்கமாட்டார்" என்று சொன்னால் அதைச் சும்மா சொல்லும் வார்த்தையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலையில் எழுந்து கோலம் போடாத வாசலைக் கூட்டுகிறார், அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சுகிறார்.

நான் எழுந்து நின்றேன். பிறகு வார்த்தைகள் தாமாக வந்தன.

"இந்த நோய் வராம இருந்திருந்தா எங்கப்பா என் வீட்டு வாசல மிதிச்சிருக்க மாட்டாங்க. என் பிள்ளையோட வேதனைய வச்சுத்தான் ஆண்டவர் எங்கப்பாவ எனக்குத் திருப்பிக் குடுத்தார்" என்றேன்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆயரம்மா கட்டிக்கொண்டார். அன்று இரவு வெகு நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். மகள் விழுந்த அந்தக் காலைக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காரணம் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம் போலத் தோன்றியது.

பிள்ளைகள் வராந்தாவில் கேரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

விளையாட்டுப் பீரியட்

அதற்குப் பிறகு ஜெனி தானே மாத்திரை போட ஆரம்பித்தாள். "நான் பெரிய பிள்ள" என்றாள். காலையில் என் எதிரிலேயே விழுங்குவாள். மாலையில் நான் அடுப்படியில் இருப்பேன். என் கணவர் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். நகரத்தைத் தாண்டி வர வேண்டும், அவர் வந்து சேர இருட்டிவிடும். மாத்திரை அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்துத் திருப்தி அடைந்தேன்.

பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. விளையாட்டுப் பீரியடில் ஜெனி விழுந்துவிட்டாள். நான் போனபோது ஆசிரியை மடியில் படுத்திருந்தாள். நெற்றியில் மண். உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது. என்னைப் பார்த்து, "தண்ணி பாட்டில் எங்கம்மா?" என்றாள். அது அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். "மாத்திரை தவறாமல் போகிறதா?" என்று கேட்டார். "ஒருவேளைகூடத் தவறவில்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததை இப்போது நினைத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, இந்த முறை என்ன சொல்ல வருகிறீர் என்று கேட்டேன். சாட்சி சொல்லிவிட்டுப் பெருமைப்பட்டேனோ? மாலை ஜெபத்தை அவசரமாக முடிக்கிறேனே, அதற்காகவா? மாமியாரிடம் முகத்தைச் சுளித்தேனே, அதற்கா? ஒவ்வொன்றாகத் தேடினேன். ஆயரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இதுலயும் ஒரு நோக்கம் இருக்கும், பொறுத்துப் பாரு" என்றார்.

நான் பொறுத்துத்தான் பார்த்தேன். வெள்ளைத் துணியில் அது கொட்டியது.

சேலைக்குப் பின்னால்

அவளை ஆலயத்தின் பக்கவாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"ஏன்டி பெட்டியில போட்டே?"

"குப்பையில போட்டா பாவம்ல. அதான் இயேசப்பாட்ட குடுத்துட்டேன்."

"அதக் கேக்கல. ஏன் முழுங்கல?"

கொஞ்ச நேரம் பாவாடை ஓரத்தைச் சுருட்டினாள். "எனக்குச் சரியாயிட்டா தாத்தா வரமாட்டாங்கல்ல."

"யாரு சொன்னா?"

"நீதானம்மா சொன்ன. ஆன்ட்டிங்ககிட்ட." பிறகு முதல் வரியில் எழுதியிருக்கிறேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். அழுதுகொண்டே கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். கணக்கில் சந்தேகம் கேட்பது போல.

எல்லா நாளும் அப்படிச் செய்யவில்லையாம். பயம் வந்தால் முழுங்கிவிடுவாளாம். தாத்தா கூடுதல் நாள் தங்க வேண்டும் என்று தோன்றினால் பெட்டியில் போடுவாளாம். பள்ளியில் விழுந்த வாரம் தாத்தா நான்கைந்து நாள் தங்கியிருந்தார். அவள் நினைத்தது நடந்ததல்லவா? நான் சொன்ன சாட்சி சரிதான் என்று அவள் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஏலத்தில் யாரோ கோழிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடை பெஞ்ச்

அவளை அழைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். அப்பா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சொல்லாமல் மறைக்கலாமா என்று பாதிச் சாலையில் நினைத்தேன். மறைக்க முடியவில்லை. ஜெனியைக் கடையின் மிட்டாய் பாட்டில்கள் பக்கம் அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா டீயைக் கீழே வைத்தார்.

"அப்ப எம்பேத்தி என்னால விழுந்துச்சா?"

"இல்லப்பா. நான் பேசுனதால."

"நீ என்ன பேசுன?"

அதையும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை இல்லை.

"ஏம்மா முத்து, என்னய வரவைக்க உங்க சாமிக்கு வேற வழியே தெரியலயா? இம்புட்டூண்டு பிள்ளயப் போட்டு எதுக்கு வதைக்கணும்? நீ ஒரு போனப் போட்டிருந்தா வந்திருப்பேன்ல."

எனக்கு அது வெட்டுப்பட்டது போல இருந்தது. இத்தனை ஆண்டுகள் ஒரு போன்தான் இடையில் இருந்ததா? அப்படியென்றால் நான் கடவுள் மேல் ஏற்றிச் சொன்னது என்ன? என் பயத்தால் நின்றுபோன ஒன்றை என் பிள்ளையின் நோயால் ஆண்டவர் சரிசெய்தார் என்று சொல்லி ஸ்தோத்திரம் வாங்கியிருக்கிறேன்.

ஆனாலும் கேட்டேன். "நான் போட்டிருந்தா எடுத்திருப்பீங்களாப்பா?"

அப்பா சாலையைப் பார்த்தார். திருமங்கலம் பஸ் ஒன்று நின்று, ஆள் இறக்கி, போனது.

"தெரியலையேம்மா" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எடுத்திருப்பேன் என்று சொல்லியிருந்தால் நான் என் சாட்சி தவறு என்று முடிவுகட்டிவிட்டு, அழுதுவிட்டு, தேறியிருப்பேன். எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் சொன்னது உண்மை என்று பிடித்துக்கொண்டிருப்பேன். அவருக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

ஜெனி தேன்மிட்டாயோடு வந்தாள். அப்பா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க பாரு. நோய் இருந்தாலும் தாத்தா வாரேன். இல்லாட்டியும் வாரேன். நீ ஒழுங்கா மாத்திரையப் போடு."

"மழ பெஞ்சா?"

"கொடையப் பிடிச்சிட்டு வாரேன்."

"மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

"மாடு என்னய விட வெவரம். அதுவே குடிச்சுக்கிரும்."

அவள் சிரித்தாள். நம்பினாள் என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை

என் கணவர் அன்று மாலை என்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்லியிருக்கலாம். "இனி அவ முழுங்குறதப் பாத்துட்டு அடுப்புல கை வை" என்று மட்டும் சொன்னார். இப்போது மாத்திரை போட்டதும் அவள் வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். நான் குனிந்து பார்க்கிறேன். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அளவை மறுபடி பழையபடி எழுதிக்கொடுத்தார். குறைப்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை.

ஆயரம்மாவிடமும் சொன்னேன். அவர் கண் கலங்கிக் கேட்டார். பிறகு, "அடுத்த கூடுகையில இதையும் சொல்லு முத்து. பிள்ளைங்க காதுல என்ன விழுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியணும். இதுலயும் ஆண்டவர் ஒண்ணு வச்சிருக்கார்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் மனம் மாறியது. திரும்பப் போய் மாட்டேன் என்று சொல்லலாமா என்று நின்றேன். போகவில்லை. இதிலும் ஒன்று இருக்கிறது என்று மறுபடி எழுந்து சொன்னால், மறுபடி யார் எந்தப் பெட்டியில் எதைப் போடுவார்கள்?

அதற்காக எதிலும் ஒன்றும் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. அப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது, இது எனக்குக் கொடுக்கப்பட்டது என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. நன்றி சொல்கிறேன். சொன்னவுடன், யாருடைய உதட்டு ரத்தத்துக்கு நன்றி சொல்கிறாய் என்றும் உள்ளே ஒன்று கேட்கிறது. இரண்டும் ஒரே தொட்டியடியில் ஒரே ஈரக் கையோடு நடக்கின்றன.

போன சனிக்கிழமை அப்பா வரவில்லை. காலையில் போன் வந்தது. செவலைப் பசு கன்று போடும் நேரமாம், விட்டுவிட்டு வர முடியவில்லையாம். "பிள்ளைட்ட சொல்லிரு, அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்" என்றார். சொன்னேன். ஜெனி "சரி" என்றாள். மழையை நினைத்தாள், தண்ணீர் காட்டுவதை நினைத்தாள், கன்றை மட்டும் நினைக்கவில்லை போலிருக்கிறது.

மாலை மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னும் பதிலே சொல்லலம்மா" என்றாள்.

"முதல்ல முழுங்கு."

முழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். மூடவே இல்லை. நான் ஏதாவது சொல்லுவேன் என்று அப்படியே நின்றாள்.

வாசகர்களே, இந்த வாரம் நீங்கள் எனக்கு எழுத வேண்டும். கடவுளுக்குத்தான் தெரியும் என்று ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டேன். "அப்ப அவங்கட்ட கேட்டுச் சொல்லு" என்றாள். மாத்திரைக்கும் தாத்தாவுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னேன். "அன்னிக்கு இருக்குன்னு சொன்ன" என்றாள். உங்களில் நம்பிக்கை உள்ளவர்கள் இருப்பீர்கள், இல்லாதவர்களும் இருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருக்கலாம். அப்பா பக்கத்தில் இருப்பவர், அப்பா இல்லாதவர் யாராக இருந்தாலும் எழுதுங்கள். ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, ஒன்றிரண்டு வரி போதும். நானே நம்பக்கூடிய வரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் நம்பாமல் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

கூடுகை அடுத்த மாதம். இந்த முறை பிள்ளைகளைக் கேரம் விளையாட அனுப்பப்போவதில்லை. ஜெனி முன்வரிசைப் பாயில்தான் உட்காருவாள். நான் எழுந்து நிற்கலாமா? நின்றால், அவளைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்லட்டும்?